ரத்தம் எடுக்க வருபவரிடம் கேட்க வேண்டியது

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காட்டழகர் கோயிலுக்குப் போகிறவர்கள், அல்லது ஆற்றில் குளிக்க வருகிறவர்கள். நோட்டும் பேனாவுமாக இன்னொரு கூட்டமும் வருவதுண்டு. எந்த இலை எந்த நோய்க்கு என்று இங்குள்ள பளியர் பழங்குடிப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போகும் ஆராய்ச்சியாளர்கள் அவர்கள். மலையடிவாரத்தில் மருத்துவ முகாம் நடந்தால் ரத்தமும் எடுப்பார்கள். வருகிறவர் படித்தவர், மரியாதையாகப் பேசுகிறவர். அதனால் யாரும் மறுப்பதில்லை. மறுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. கையை நீட்டும் முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்கிறேன்: "இது எனக்கான வைத்தியமா, ஆராய்ச்சியா?"

இரண்டும் வேறு. வைத்தியத்தில் டாக்டரின் நோக்கம் உங்களைக் குணப்படுத்துவது மட்டும். ஆராய்ச்சியில் ஒரு கேள்விக்கு விடை தேடுகிறார்கள். அதனால் உங்களுக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். புதிய மருந்து உங்களுக்கா பழைய மருந்தா என்பதைக் குலுக்கல் முறையில்கூட முடிவுசெய்வார்கள். வெள்ளைக் கோட்டும் ஊசியும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பதால், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆராய்ச்சியே கெட்டது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானட்டோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. 193 பேர், பெரும்பாலும் ஏழைகள், நெருக்கமான சிறு வீடுகளில் வாழ்ந்தவர்கள். வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகிறது என்று 1959-ல் முடிவு வெளியானது. குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்பதும் பிறகு தெரிந்தது. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தின் போக்கையே அந்த ஆய்வு மாற்றியது. இன்று ராஜபாளையம் மில் தொழிலாளி ஒருவர் வீட்டில் இருந்தபடியே காசநோய் மாத்திரை விழுங்குகிறார் என்றால், அந்த 193 பேருக்கும் அதில் பங்குண்டு.

ஆனால் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கம்மம் சாட்சி. அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 2009-ல் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை எத்தனையோ படிவங்களில் விடுதிக் காப்பாளரே போட்டிருந்தார். அங்கும், இதே ஆய்வு நடந்த குஜராத்திலுமாக ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றது விசாரணைக் குழு. அந்தத் தடுப்பூசி நல்லது, இன்று உலகெங்கும் போடப்படுகிறது. தவறு ஊசியில் இல்லை. காட்டுக்குள் இருந்த தாய் தகப்பனை ஒரு வார்த்தை கேட்காததில் இருக்கிறது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

ரத்தத்தின் கதை இன்னும் நுட்பமானது. ஒருமுறை எடுத்த குழாய் பல வருடம் குளிரில் இருக்கும். எத்தனை ஆய்வுக்கும் ஆகும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை மனநோய்க்கும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கும் பயன்படுத்தியது பின்னால்தான் தெரிந்தது. வழக்குப் போட்டார்கள். 2010-ல் ஆய்வு நடத்திய பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலரும் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. நம் பக்கத்து உசிலம்பட்டி வட்டாரத்து ஜோதிமாணிக்கத்தில் எடுத்த ரத்தத்திலும் ஆதி மனிதர் இடம்பெயர்ந்த பாதையைக் காட்டும் எம்130 என்ற மரபணு அடையாளம் கிடைத்தது. தென் மாவட்டத்து மக்களின் ரத்தம் அறிவியலுக்கு அவ்வளவு மதிப்புள்ளது. கொடுப்பவர் அதை அறிந்து கொடுக்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, உங்களுக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முழு நேரமும் உடனிருக்க வேண்டும். தகவல் தாளிலும் ஒப்புதல் படிவத்திலும் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். இதைத்தான் நம்மவர்கள் கேட்டு வாங்குவதே இல்லை. முற்றிலும் புதிய மருந்தை எளிய, நலிந்த நிலையில் உள்ளவர்களிடம் சோதிப்பதானால், ஒப்புதல் வாங்குவதையே வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும். பழங்குடி ஊர் என்றால் மூப்பர் சம்மதித்தது மட்டும் போதாது, ஒவ்வொருவரும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டி நெறி. பாதியில் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விலகியதற்காக ஆஸ்பத்திரியில் வைத்தியத்தை மறுக்க முடியாது.

மருந்துப் பரிசோதனையில் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். பரிசோதனையால்தான் பாதிப்பு அல்லது மரணம் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு. மரணத்துக்கான கணக்கு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாகக் கொண்டு, வயதையும் நோயின் தன்மையையும் பார்த்துப் போடப்படும். ஆனால் "மருந்தால் வந்தது இல்லை" என்ற பதிலும் வரக்கூடும். டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துச் சீட்டு, ஸ்கேன் எதையும் தூக்கிப் போடாதீர்கள். உடம்பில் எந்த மாற்றம் தெரிந்தாலும் உடனே ஆய்வு டாக்டரிடம் சொல்லுங்கள். தீவிரமான பாதிப்பை 24 மணி நேரத்தில் மேலே தெரிவிப்பது அவர் கடமை.

மூலிகை அறிவுக்கும் உரிமை உண்டு. அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடியினர் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சையில் இருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கிய கேரள அரசு ஆய்வு நிறுவனம், கிடைத்த பணத்தில் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. அதே மலைத்தொடரில் வாழும் பளியர்களும் பங்கு கேட்கலாம். 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது.

சந்தேகம் வந்தால் முதலில் ஒப்புதல் படிவத்தைப் பாருங்கள். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில் இருக்க வேண்டும். மருந்துப் பரிசோதனை என்றால் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்ற மத்தியப் பதிவேட்டில் இணையம் வழியாக யாரும் சரிபார்க்கலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பதிவே இல்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். புகாரை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு அனுப்பலாம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: விருதுநகர் மாவட்டத் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். தொலைபேசியில் கேட்க 15100.