வைகறையில் ஒரு நாழிகை

குப்பம் இரயில் நிலையத்தில் கதிரவன் எழுமுன்பே கூட்டம் கூடிவிடுகிறது. கையில் சோற்றுப் பாத்திரமும் தோளில் பையுமாக நிற்கும் அவர்கள், பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவு. காலையில் சென்று இரவில் திரும்பவேண்டும். ஆந்திரமும் தமிழகமும் கருநாடகமும் கூடும் மூலையில் அமைந்த ஊராதலின், நடைமேடையில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கின்றன. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1864-ஆம் ஆண்டில். அப்பாதையே இன்று இவ்வூராரிற் பலருடைய காலைப்பொழுதை ஆளுகின்றது.

இவர்களிடம் சென்று, 'அதிகாலையில் எழுங்கள்' என்று நாம் உபதேசம் செய்யவேண்டியதில்லை. அவர்கள் எழுந்தே இருக்கின்றனர். ஆயினும் எழுவது வேறு. காலையை நுகர்வது வேறு. மணி அடித்ததும் துள்ளியெழுந்து, பாதி வாயில் காப்பியும் பாதி வழியில் செருப்புமாக ஓடுபவருக்கு, வைகறை என்பது வண்டி பிடிக்கும் நேரமேயன்றி வேறில்லை. மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவரிற் பலர் நிலையும் இதுவே. குழந்தை உறங்கும்போது புறப்பட்டு, உறங்கியபின் திரும்பும் தந்தையர் எத்தனை பேர்! வீட்டில் தமிழ் பேசும் பொழுதே இல்லையெனில், வெளிமாநிலத்தில் வளரும் அக்குழந்தைக்குத் தமிழ் எங்கிருந்து வரும்?

முன்னதாக எழுவது ஏன் கடினமாக இருக்கிறது? சோம்பல் என்று நம்மை நாமே நொந்துகொள்வதில் பயனில்லை. நம் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இயங்குகின்றது. அதன் நுட்பத்தைப் பழ ஈக்களிடம் ஆராய்ந்து விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் மூவருக்கு 2017-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மனிதரிற் பெரும்பாலோருக்கு இக்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணிக்குச் சற்றே மிகுதி. ஆகவே, விட்டுவிட்டால் அது நாளுக்கு நாள் பின்தங்கவே விரும்பும். அதனை இழுத்து நிறுத்தி நேர் செய்வது காலை வெளிச்சம். மேலும் பின்தள்ளுவது இரவு வெளிச்சம்.

இரவு வெளிச்சத்தின் கதை குப்பத்துக்கு அண்டையிலேயே இருக்கிறது. 1902-இல் சிவசமுத்திரம் அருவியின் மின்சாரம் கோலார் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்று அங்கே உழைத்த தொழிலாளர் பல்லாயிரவர். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அக்குடும்பத்தினரிற் பலரும் இன்று பெங்களூருக்கே இரயிலேறுகின்றனர். மின்விளக்கோ எங்கும் பரவி, இரவை நீட்டிவிட்டது. இப்பொழுது அது கைப்பேசியாகித் தலையணை வரைக்கும் வந்துவிட்டது.

ஆகவே வைகறைக்கான ஏற்பாடு முன்னிரவிலேயே தொடங்கவேண்டும். வளர்ந்தவர்க்கு ஏழு மணி நேர உறக்கமேனும் வேண்டும் என்பர் மருத்துவர். ஐந்துக்கு எழ எண்ணுவோர் பத்துக்கேனும் கண்ணுறங்கவேண்டும். உறக்கத்தைக் குறைத்து விடியலைச் சம்பாதிப்பது கடன் வாங்கிச் செலவிடுவது போன்றது. வட்டியை உடல் கட்டும். மாலைக் காப்பியிலும் எச்சரிக்கை தேவை. அருந்திய காப்பியின் சாரத்தில் ஏறத்தாழப் பாதி, ஐந்து மணி நேரம் கழிந்தும் உடலில் நிற்கும். மறுநாளைக்குரிய உடை, பை, சமையலுக்கான காய்கறி ஆகியவற்றை இரவிலேயே எடுத்துவைத்துவிட்டால், காலையின் அவசரத்தில் பாதி குறையும். இதனை இல்லத்தரசி ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல், வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்வதே முறை. அவருக்கும் வைகறை வேண்டுமன்றோ?

ஏழுக்கு எழுபவர் மறுநாளே ஐந்துக்கு எழ முயன்றால், மூன்றாம் நாள் தோற்றுப்போவார். பதினைந்து நிமிஷம் முன்னே படுத்துப் பதினைந்து நிமிஷம் முன்னே எழுந்து, சில நாள் பழகியபின் அடுத்த படி ஏறுவதே நிலைக்கும். எழுந்ததும் சாளரத்தைத் திறந்து வானைக் காணவேண்டும். குப்பத்தில் வைகாசியில் ஆறு மணிக்குச் சற்று முன்னும், தையில் ஏறத்தாழ ஆறே முக்காலுக்கும் கதிரவன் எழுகின்றான். கொல்கத்தாவில் வாழ்வோர்க்கு அவன் இன்னும் முந்தியும், மும்பையில் வாழ்வோர்க்குப் பிந்தியும் வருவான். எனவே பிறர் எழும் மணியைக் கேட்டு நம் மணியை வகுத்தல் தகாது. நாம் வாழும் ஊரின் வானத்தையும் நம் வேலை நேரத்தையும் பார்த்தே வகுக்கவேண்டும். விடியுமுன் எழுவோர் விளக்கை ஏற்றிக்கொண்டு, விடிந்ததும் சற்று நேரம் வெளியே நின்றால் போதும்.

இத்தனையும் எதற்காக? ஒரு நாழிகைக்காக. நாழிகை என்பது 24 நிமிஷம். அது அலுவலகத்துக்கும் உரியதன்று, அடுப்புக்கும் உரியதன்று; நமக்கே உரியது. அதில் நாம் விரும்பும் ஒன்று காத்திருக்கவேண்டும். இரவிலேயே இறக்கிவைத்த டிகாக்‌ஷனில் கலந்த காப்பியை உட்கார்ந்து அருந்தலாம். வாசலில் நாலு புள்ளிக் கோலம் இடலாம். தொட்டியில் வளரும் துளசிக்கு நீர் வார்க்கலாம். வானொலியில் நாதஸ்வரம் கேட்கலாம். ஊரிலிருந்து கொணர்ந்த தமிழ்ப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படிக்கலாம். கடமைக்காக எழுபவரைப் போர்வை வெல்லும். விருப்பத்துக்காக எழுபவரை வெல்லாது.

ஞாயிற்றுக்கிழமையும் அதே மணிக்கு எழுதல் நலம். விடுமுறையில் பத்து மணி வரை உறங்கினால் உட்கடிகாரம் குழம்பித் திங்கட்கிழமை துன்பமாகும். குழந்தையை மட்டும் நேரங்கெட எழுப்பலாகாது. அதற்கு நம்மைவிட மிகுந்த உறக்கம் வேண்டும். தானாகக் கண் விழித்து வரும்போது, வண்டிக்கு ஓடாத ஒரு தந்தை, ஒரு தாய், திண்ணையிலோ பால்கனியிலோ அமர்ந்திருப்பதை அது காணட்டும். மடியில் வந்து அமர்ந்து, 'அது என்ன பறவை?' என்று கேட்கும். நாம் தமிழில் பெயர் சொல்லுவோம்.