உங்களுக்குத் தெரியுமா? மூடிய ஆலைகள் மீண்ட கதை

● 1903-ல் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய அமெரிக்கக் கார் நிறுவனம், 1995-ல் மஹிந்திராவுடன் கைகோத்து இந்தியாவில் காலூன்றியது. சென்னையை அடுத்த மறைமலை நகரில் உள்ள அதன் ஆலையிலிருந்து 1999-ல் 'ஐகான்' கார் வெளிவந்தது.

● அங்கே தயாரான 'எக்கோஸ்போர்ட்' கார்கள் 2018-ல் அமெரிக்காவிலேயே விற்பனைக்குப் போயின.

● ஆனாலும் பத்தாண்டுகளில் சுமார் 200 கோடி டாலர் நஷ்டம். 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சுமார் 4,000 பேரின் வேலை கேள்விக்குறியானது. குஜராத்தின் சானந்த் ஆலை டாடாவுக்குக் கைமாறியது. மறைமலை நகர் ஆலை மட்டும் விற்கப்படவில்லை.

● 2025 அக்டோபரில் அதே ஆலைக்கு ரூ.3,250 கோடி முதலீடு அறிவிக்கப்பட்டது. 2029 முதல் அங்கே என்ஜின்கள் தயாரிப்பது திட்டம்.

● திருப்பூரும் இப்படி விழுந்து எழுந்த ஊர்தான். நொய்யல் ஆறும் அதன் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பாழானதால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அவற்றை நம்பியிருந்த ஊரின் பனியன் தொழிலே ஆட்டம் கண்டது.

● பட்டறைகள் மீண்டும் இயங்க வழிவிட்ட தீர்வு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு. சாயத்தண்ணீரை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்து, ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டுகிறார்கள். மிஞ்சும் அடர்கரைசலைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். அந்தத் தண்ணீரும் உப்பும் மறுபடி சாயமேற்றவே பயன்படுகின்றன.

● மூடிய ஆலை நிலைத்து ஓட, பணம் மட்டும் போதாது. மூடவைத்த காரணத்தையே களைய வேண்டும். திருப்பூர் செய்த பெரிய வேலை அதுதான்.