வயலுக்கு ஒரு வாக்கு, வீட்டுக்கு ஒரு வாக்கு

ஒரு பிரதேசத்தில் இன்னும் முப்பது வருஷங்கள் சென்ற பின் எங்கே பயிர் விளைய வேண்டும், எங்கே வீடு எழ வேண்டும், எங்கே ரயில் ஓட வேண்டும் என்று இன்றே முடிவு செய்வது எளிதன்று. முன்னோர் செய்த முடிவை மறுபடி எடுத்துத் திருத்துவதோ அதனினும் கடினம். பழைய முடிவை நம்பி ஒருவர் வீடு கட்டியிருப்பார். மற்றொருவர் நல்ல விலைக்குப் போகக்கூடிய நிலத்தை விற்காமல் உழுதுகொண்டிருப்பார். ஆகவே, திட்டத்தைத் திருத்துகிறவர்கள் முன்பு கொடுத்த வாக்கையே திருத்துகிறார்கள் என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மேரிலாந்து ராஜ்யத்தைச் சேர்ந்த மாண்ட்காமரி கவுண்டி இந்தக் காரியத்தை 2019-ம் வருஷத்தில் தொடங்கி 2022-ல் முடித்தது. அங்கு நடந்த வாதப் பிரதிவாதங்கள் பொதுவாழ்வில் ஈடுபட்டோர் யாவரும் கவனிக்கத் தக்கவை என்பது நமது அபிப்பிராயம்.

கவுண்டி என்பது ஏறக்குறைய நமது ஜில்லாவைப் போன்றது. ஆனால் அதை ஆள்வது மேலிருந்து நியமிக்கப்பட்ட கலெக்டர் அல்லர். ஜனங்கள் வோட்டளித்துத் தேர்ந்தெடுத்த சபையும், அவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகத் தலைவரும் ஆவர். மாண்ட்காமரி சுமார் 500 சதுர மைல் பரப்புள்ளது. ஒரு பக்கம் பொடோமாக் நதி. தென்கிழக்கே தலைநகரான வாஷிங்டன். தலைநகரின் உத்தியோகஸ்தர்கள் எல்லை தாண்டிக் குடியேறக் குடியேற இங்கே ஜனத்தொகை பெருகிற்று. 1950-ம் வருஷத்துக் கணக்கில் 1,64,401 பேர். 1960-ல் 3,40,928 பேர். பத்தே வருஷங்களில் இரு மடங்கு! 2020-ம் வருஷத்துக் கணக்கில் 10,62,061 பேர். இத்தகைய வெள்ளத்துக்குக் கரை கட்டாமல் விட்டிருந்தால், கவுண்டி முழுவதும் தோட்டம் சூழ்ந்த தனி வீடுகளாய்ச் சிதறி, வயலும் காடும் மறைந்தே போயிருக்கும்.

விரித்த கையைப் போன்ற திட்டம்

கரை கட்டும் வேலைக்கு அங்கே நல்ல வேளையாக ஒரு ஸ்தாபனம் முன்பே இருந்தது. மாண்ட்காமரிக்கும் அண்டையிலுள்ள பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டிக்கும் பொதுவாகப் பூங்காக்களையும் நிலத் திட்டத்தையும் கவனிக்க 1927-ம் வருஷத்திலேயே மேரிலாந்து சட்டசபை ஒரு கமிஷனை ஏற்படுத்தியிருந்தது. அந்தக் கமிஷன் 1964-ல் வெளியிட்ட திட்டத்துக்கு ‘ஆப்புகளும் பாதைவழிகளும்’ என்று பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. அதன் கருத்தை விளக்க ஒரு விரித்த கையே போதும். உள்ளங்கை வாஷிங்டன் நகரம். விரல்கள், நகரத்திலிருந்து புறப்படும் பெரும் பாதைகள். ஊர்களும் தொழில்களும் ரயிலும் அந்த விரல்களின் மேலேயே அமைய வேண்டும். விரலிடுக்குகள் வயலுக்கும் வனத்துக்கும் உரியவை. அங்கே நகரம் நுழையலாகாது. கோபன்ஹேகன் நகரத்தார் 1947-ல் வகுத்த விரல் திட்டமும் இதே ஜாதியைச் சேர்ந்தது.

இத்திட்டத்தில் ஒன்றையொன்று தாங்கும் இரண்டு வாக்குறுதிகள் இருந்தன. விரலிடுக்கில் வீடு வராது என்பது ஒன்று; அதற்கு ஈடாக விரல்களில் வருகிறவர்களுக்கெல்லாம் வீடு கிடைக்கும் என்பது மற்றொன்று. முதல் வாக்கை மட்டும் காப்பாற்றி இரண்டாவதைக் கைவிட்டால் என்ன ஆகும்? நிலம் குறையும்; வருகிறவர் கூட்டம் குறையாது; விலை ஏறும்; ஏழை வெளியே நிற்பான். மாண்ட்காமரியில் நடந்தது ஏறக்குறைய இதுவே.

முதல் வாக்கு காப்பாற்றப்பட்ட கதை

விவசாய நிலத்தைக் காக்க முதலில் செய்த ஏற்பாடு பலிக்கவில்லை. 1970-களில், கிராமப் பகுதியில் 5 ஏக்கருக்கு ஒரு வீடு மட்டுமே கட்டலாம் என்று விதித்தார்கள். பயன் என்ன? பணக்காரர்கள் 5 ஏக்கர் வாங்கி மாளிகை கட்டிக்கொண்டார்கள். உழுவதற்கோ 5 ஏக்கர் மிகச் சிறிது. புல் வெட்டிப் பராமரிக்கவோ மிகப் பெரிது. பண்ணைகள் துண்டு துண்டாயின.

அதன் பின்பு 1980-ல் கவுண்டி செய்த காரியம் துணிவானது. சுமார் 93,000 ஏக்கர், அதாவது கவுண்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, விவசாயத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. அங்கே 25 ஏக்கருக்கு ஒரு வீட்டுக்கு மேல் கட்டலாகாது. ஆனால் உழவனுடைய சொத்தின் மதிப்பைச் சர்க்கார் ஒரு கையெழுத்தில் பறித்துவிடுவது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக ஒரு புதிய உபாயத்தைக் கையாண்டார்கள். 100 ஏக்கர் உள்ள உழவன் தன் நிலத்தில் 4 வீடுகளே கட்டலாம். எனினும் 5 ஏக்கருக்கு ஒன்று என்ற பழைய கணக்குப்படி 20 கட்டட உரிமைகள் அவனுக்கு உண்டு. அவ்வுரிமைகளை, நகரப் பகுதியில் அதிக வீடு கட்ட விரும்பும் கம்பெனிக்கு அவன் விற்கலாம். விற்றபின் பணம் உழவனுக்கு, வீடு நகரத்துக்கு, வயல் வயலாகவே இருக்கும். இவ்வழியில் 50,000 ஏக்கருக்கு மேல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. தலைநகரின் வாசலில் இன்றும் சோளமும் வைக்கோலும் விளைகின்றனவென்றால் அதற்குக் காரணம் இந்த ஏற்பாடே. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

இரண்டாவது வாக்கு எங்கே போயிற்று?

வீட்டைப் பற்றிய வாக்கை அவர்கள் அறவே மறந்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. பெரிய குடியிருப்புகளைக் கட்டுகிறவர்கள் அவற்றில் ஒரு பங்கை மிதமான வருமானமுள்ளோருக்கு ஏற்ற விலையில் கொடுக்க வேண்டுமென்று 1974-லேயே இக்கவுண்டி சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்கா முழுவதற்கும் அது வழிகாட்டியாயிற்று. சில்வர் ஸ்பிரிங்குக்கு 1978-லும் பெதெஸ்டாவுக்கு 1984-லும் மெட்ரோ ரயில் வந்தது. நிலையங்களைச் சுற்றி உயர்ந்த கட்டடங்களும் எழுந்தன.

ஆனால் நிலையத்திலிருந்து சற்று தூரம் நடந்தால் போதும், காட்சி மாறிவிடும். ஒரு மனைக்கு ஒரே வீடு, அதில் ஒரே குடும்பம் என்று நில உபயோகச் சட்டம் விதித்த தெருக்கள் தொடங்கிவிடும். அந்தத் தெருவில் இரட்டை வீடு கட்டுவதும் குற்றம். நாலு குடித்தனம் உள்ள சிறு மாடிவீடு கட்டுவதும் குற்றம். குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் நர்ஸும் அங்கே வாங்கக்கூடிய வீடு எது?

இத்தெருக்களில் சிலவற்றின் பூர்வ சரித்திரத்தையும் மறைப்பதற்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கவுண்டியின் பல குடியிருப்புகளில், நீக்ரோவர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பு ஜனங்களுக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாதென்று பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். அத்தகைய நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் அமலாக்கக் கூடாதென்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1948-ல் தீர்ப்பளித்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இன வேற்றுமை காட்டுவதை 1968-ம் வருஷத்துச் சட்டம் தடுத்தது. பத்திரத்தின் நிபந்தனை செத்தது; ஆனால் மனையின் அளவும் வீட்டின் விலையும் அதே வேலையைச் சத்தமின்றிச் செய்துகொண்டிருந்தன.

போதாக்குறைக்கு, 1993-ல் பழைய திட்டத்தைச் செப்பனிட்டபோது, வடமேற்கே செல்லும் 270-ம் எண் பெருஞ்சாலையே வளர்ச்சிக்குரிய பிரதான வழியென்று கொண்டார்கள். 29-ம் எண் சாலையை ஒட்டிய கிழக்குப் பகுதி அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. தொழிலும் முதலும் மேற்கே சென்றன. கறுப்பரும் லத்தீன் அமெரிக்கரும் புதிதாய்க் குடியேறியோரும் மிகுதியாக வாழும் கிழக்கு பின்தங்கிற்று. வரைபடத்தில் ஒரு கோடு விடுபட்டால் ஒரு தலைமுறையின் பிழைப்பு எவ்வாறு பாதிக்கப்படும் என்பதற்கு இது உதாரணம்.

திருத்தமும் எதிர்ப்பும்

2050-ம் வருஷத்தை நோக்கி வகுக்கப்பட்ட புதிய திட்டத்துக்கு ‘திரைவ் மாண்ட்காமரி 2050’ என்று பெயர். அடுத்த முப்பது வருஷங்களில் இன்னும் சுமார் 2 லட்சம் பேர் வருவார்கள் என்ற கணக்கின்மீது அது எழுந்தது. விவசாய ஒதுக்குப் பகுதியை அது தொடவில்லை. அதற்குப் பதிலாக, விடுபட்ட கிழக்குச் சாலையையும் சேர்த்து, பெருஞ்சாலைகளின் ஓரங்களில் பலவகை வீடுகளுக்கு இடம் கொடுக்க வேண்டும். கடையும் பள்ளியும் பஸ்ஸும் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று கூறிற்று.

எதிர்ப்பு பலமாக இருந்தது. எதிர்த்தவர்கள் அனைவரும் சுயநலக்காரர் என்று தள்ளிவிட நாம் தயாராக இல்லை. அனுமதி பெற்றும் கட்டப்படாத வீடுகளே பல்லாயிரம் இருக்க, புது அனுமதி எதற்கு என்றார்கள். புதிதாய்க் கட்டப்படும் வீடு ஏழைக்கு எட்டுமா, அல்லது இருக்கிற மலிவான வீட்டையும் இடித்துவிட்டு வாடகைக்காரனைத் துரத்துமா என்றும் கேட்டார்கள். கவுண்டியின் நிர்வாகத் தலைவர் மார்க் எல்ரிச்சே இத்திட்டத்தின் போக்கை ஆட்சேபித்தார். இக்கேள்விகள் நியாயமானவை. மனையை இரண்டாக்க அனுமதித்த மாத்திரத்தில் வாடகை இறங்கிவிடும் என்று நம்புவது பேதைமை.

எனினும் நாம் ஒன்று கேட்கிறோம். பொது விசாரணைக் கூட்டத்துக்கு வந்து பேசினவர் யார்? பெரும்பாலும் வீடும் ஓய்வும் உள்ளவர்கள். இரண்டு வேலை பார்க்கும் வாடகைக்காரனால் மாலைக் கூட்டத்துக்கு வர இயலாது. இருபது வருஷங்களுக்குப் பின் குடியேறப்போகிறவன் வரவே முடியாது. அவனுக்கு அங்கே வோட்டும் இல்லை, வாயும் இல்லை. நீண்டகாலத் திட்டம் ஒன்று வகுப்பதன் நோக்கமே அவன் சார்பிலும் ஒருவர் பேச வேண்டும் என்பதுதானே? இருக்கிறவர்களின் சௌகரியத்தை மட்டும் எழுதிவைப்பதற்கு முப்பது வருஷத் திட்டம் வேண்டாம்.

இந்தக் குறை கவுண்டி சபைக்கும் தெரியாமலில்லை. வருமானம் குறைந்தோரையும் வெள்ளையரல்லாதாரையும் போதிய அளவு கலந்துகொள்ளவில்லை என்று சபையின் சொந்த ஆய்வு அலுவலகமே சுட்டிக்காட்டிற்று. சபை அவசரப்படாமல் மறுபடி ஜனங்களிடம் ஆட்களை அனுப்பி விசாரித்து, இன நீதியைப் பற்றித் தனி அத்தியாயமும் சேர்த்தது. ஆனால் இறுதிக் கட்டத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. 2022-ம் வருஷம் அக்டோபர் மாதம், அலுவலக நடத்தையைப் பற்றிய புகார்களும் பூசல்களும் முற்றி, திட்டக் குழுவின் அங்கத்தினர் ஐவரும் ஒருசேர ராஜிநாமா செய்தார்கள். அவர்கள்மீது நம்பிக்கை இழந்துவிட்டதாகச் சபை கூறிற்று. பூசலுக்குக் காரணம் திட்டமல்ல. ஆயினும் முப்பது வருஷத்துக்கு வாக்களிக்கும் ஸ்தாபனம் தன் வீட்டை ஒழுங்காக வைத்திராவிட்டால் ஜனங்கள் அதன் வாக்கை எப்படி நம்புவார்கள்? அதே மாதம் 25-ந் தேதி கவுண்டி சபை திட்டத்தை ஏகமனதாக நிறைவேற்றியது.

காகிதத்துக்கு அப்பால்

திட்டம் நிறைவேறியதும் வீடு முளைத்துவிடவில்லை. பொதுத்திட்டம் சட்டமன்று, அது திசை காட்டும் பலகை. மனைக்கு மனை விதி மாற வேண்டும். சாலைக்கும் ரயிலுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். இதில் அசட்டையாயிருந்தால் நேரும் கதிக்குக் கிளார்க்ஸ்பர்க் ஊரே சாட்சி. 1994-ம் வருஷத்துத் திட்டம் அங்கே பொது வாகனப் பாதையை நம்பி ஒரு புது ஊரை வகுத்தது. ஊர் வந்தது, ஜனங்கள் வந்தார்கள், பாதை மட்டும் பல்லாண்டுகளாகக் காகிதத்தில் நின்றது. காலையில் எல்லோரும் காரில் ஏறி ஒரே சாலையில் நெருக்குண்டார்கள். பெதெஸ்டாவிலிருந்து கிழக்கே 16 மைல் செல்லும் பர்ப்பிள் லைன் ரயிலின் வேலை 2017-ல் தொடங்கி 2022-ல் முடியுமென்றார்கள். 2020-ல் கட்டட கம்பெனி விலகிக்கொள்ள, திறப்பு நாள் வருஷக்கணக்கில் தள்ளிப்போயிற்று.

ஆனால் நல்ல அறிகுறிகளும் உண்டு. 2023-ல் கவுண்டி சபை வாடகை உயர்வுக்கு வரம்பு கட்டியது. சட்டத்துக்கு உட்பட்ட வீடுகளில் வருஷத்துக்கு 6 சத விகிதத்துக்கு மேல் உயர்த்தலாகாது. 2025-ல் சில பெருஞ்சாலைகளின் ஓரங்களில் இரட்டை வீடுகளுக்கும் சிறு மாடிவீடுகளுக்கும் வழி திறந்தது. முதலாவது, இருக்கிற வாடகைக்காரனுக்குக் காவல். இரண்டாவது, வரப்போகிறவனுக்கு இடம். இரண்டும் சேர்ந்து நடந்தாலன்றி இரண்டாவது வாக்கு நிறைவேறாது.

நமது முடிவு இதுதான். மாண்ட்காமரி 1980-ல் உழவனிடம் தியாகத்தைக் கேட்டது. அவனும் 25 ஏக்கர் விதிக்குத் தலைவணங்கினான். நாற்பது வருஷங்களுக்குப் பின், நகரத்துச் சாலையோரத்தில் குடியிருப்போரிடம் அதைவிட மிகச் சிறிய விட்டுக்கொடுத்தலையே புதிய திட்டம் கேட்கிறது: பக்கத்து மனையில் ஒரு குடும்பத்துக்குப் பதில் இரண்டோ மூன்றோ குடும்பம் வாழட்டும் என்பதே அது. உழவன் தன் பங்கைச் செலுத்திவிட்டான். மற்றவர்களும் தங்கள் பங்கைச் செலுத்துவதே முறை. அவர்கள் மறுத்தால், காத்துவைத்த வயலின் மேலும் ஒருநாள் கட்டட கம்பெனிகளின் கண் விழும். அன்று அதை மறுத்துப் பேச எவருக்கும் வாயிராது.