மாரிக்கு முன் ஓட்டுக் கூரையில் ஒரு சிறு திருத்தம்

நீண்ட காலத்தின் பின் வீடு திரும்புபவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது கூரையைத்தான். முகடு வளையாமல் நிற்கிறது, நாலைந்து ஓடுகள் மட்டுமே உடைந்திருக்கின்றன என்றால் நீங்களே திருத்திக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் அதைச் செய்துவிடுங்கள். ஓர் ஓட்டின் வெடிப்பால் இறங்கும் நீர் கீழேயுள்ள மரத்தை மெல்ல மெல்ல உக்க வைத்துவிடும். பிறகு செலவு ஓட்டோடு நிற்காது.

ஏணி வைக்க முன் ஒரு விடயம். கண்ணிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்ட பகுதியாக இருந்தாலும், உடைந்த ஓட்டுக் குவியலுக்குள்ளோ சீலிங்குக்கு மேலோ வெடிக்காத பொருள் கிடக்கலாம். அடையாளம் தெரியாத உலோகப் பொருள் எதையும் தொடாதீர்கள், தடியாலும் கிளறாதீர்கள். வந்த வழியே திரும்புங்கள். பிள்ளைகளை அப்பால் கூட்டிச்சென்று, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ (119) அறிவியுங்கள். வீட்டுத்திட்ட உதவிக்கு விண்ணப்பிக்க இருப்பவர்கள், திருத்த வேலையைத் தொடங்க முன் சேதத்தைப் படம் எடுத்து வைப்பது நல்லது.

ஒழுக்கு விழும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓடு உடைந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். நீர் சிலாகை வழியே ஓடிவந்து, சில அடி கீழே சொட்டும். பகலில் யன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடங்களில் ஈர்க்கு ஒன்றைச் செருகிவிட்டால், மேலே ஏறும்போது தேட வேண்டியதில்லை.

ஓடு வாங்க முன் மரத்தைப் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். புது ஓடு போட்ட பிறகு றீப்பை முறிந்தால் இரண்டும் வீண். கத்தி நுனியால் சிலாகையையும் றீப்பையையும் அழுத்திப் பாருங்கள். நுனி இலகுவாக இறங்கினால் மரம் உக்கிவிட்டது. பனைமரச் சிலாகையில் வெளிப்புறக் கறுப்பு வைரம் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கறையான் தின்றிருக்கலாம். தட்டிப் பார்த்தால் வெற்றுச் சத்தம் கேட்கும். சுவரில் மண்புற்றுக் கோடு இருந்தால் நிச்சயம் சோதியுங்கள். றீப்பை ஒன்றிரண்டை நீங்களே மாற்றலாம். சிலாகை தொய்ந்திருந்தால் தச்சரைக் கூப்பிடுங்கள்.

தட்டை ஓடுகள் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒவ்வோர் அளவு. உடைந்த ஓட்டையே கடைக்குக் கொண்டுபோங்கள். ஒத்தது கிடைக்காவிட்டால் பின் விறாந்தையில் உள்ள பழைய ஓடுகளைக் கழற்றி வீட்டுக் கூரைக்குப் போடுங்கள். விறாந்தைக்கு முழுவதும் புது ஓடு போடலாம். ஒரே வரிசையில் இரண்டு அளவு கலந்தால் பூட்டு சரியாக விழாது, அந்த இடத்தால் மீண்டும் ஒழுகும்.

மழை பெய்து பாசி ஈரமாக இருக்கும்போது கூரையில் ஏற வேண்டாம். ஏணியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். ஓட்டின் நடுவில் மிதிக்காமல், சிலாகைகளுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டு அதன்மேல் இருங்கள். சீலிங் இல்லாத வீடானால், தாழ்வான பகுதியை உள்ளிருந்தே ஏணியில் நின்று திருத்தலாம். உடைந்த ஓட்டுக்கு மேலுள்ள ஓட்டையும் அதன்மேல் ஏறியிருக்கும் பக்கத்து ஓட்டையும் சற்றுத் தூக்கி, உடைந்ததை உயர்த்திக் கீழ்நோக்கி இழுத்தெடுங்கள். புது ஓட்டை அதே வழியால் மேலே தள்ளுங்கள். அதன் அடியிலுள்ள கொளுக்கி றீப்பையில் மாட்டும்வரை தள்ள வேண்டும். கையால் மெல்ல இழுத்துப் பாருங்கள், இறங்கி வரக்கூடாது.

வெடித்த ஓட்டின்மேல் சீமெந்து பூசுவது பரவலான பழக்கம். வெயிலில் அந்தச் சீமெந்து விட்டுவிடும்; இடுக்கில் தேங்கும் நீர் மரத்துக்குப் போகும். சீமெந்து முகட்டு ஓட்டுக்கு மட்டும் போதும். ஓடு உடனே கிடைக்காவிட்டால் ஒரு தகரத் துண்டை, மேல்நுனி மேல் ஓட்டுக்குக் கீழேயும், கீழ்நுனி கீழ் ஓட்டுக்கு மேலேயும் வருமாறு செருகி வையுங்கள்.

வேலை முடிந்ததும் முகட்டிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, ஒருவர் உள்ளே நின்று பார்க்கட்டும்.