பிடித்த வேலை – 11: ஒரு நாள் கிளி

"அண்ணாச்சி, எல்லாரும் உனக்குப் பிடிச்சதைச் செய்யுன்னு சொல்றாங்க. எனக்கு என்ன பிடிக்கும்னே தெரியலையே, அதை எங்க போய்த் தேட?"

கேட்டவர் தேவதானத்துத் தம்பி. பொறியியல் முடித்தவர். ராஜபாளையத்திலிருந்து சேற்றூரைத் தாண்டி வந்தால் மலைக்குக் கிழக்கே நெல்லும் மாவும் தென்னையுமாகக் கிடக்கிறது அந்த ஊர். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலுக்கு வருகிறவர்களையும், சாஸ்தா கோயில் ஓடையில் குளிக்க வருகிறவர்களையும் விட்டால் வெளியூர்க்காரர்கள் நடமாட்டம் குறைவு. ஆனால் இந்தக் கேள்வி மட்டும் சென்னை ஓ.எம்.ஆரில் கேட்கும் அதே வார்த்தைகளில் அங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

தம்பி சும்மா இருந்தவரில்லை. கொஞ்ச நாள் போட்டோகிராபி, அப்புறம் கோடிங் வகுப்பு, அப்புறம் ஒரு யூடியூப் சேனல். "ரெண்டு மாசம் நல்லாத்தான் போகும். பொறகு ஒரு இடத்துல முட்டும். சரி, இதுவும் நமக்கானது இல்ல போலன்னு விட்டுருவேன்" என்றார். அவருடைய சிக்கல் முழுதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. முட்டியதும் அவர் தன் கைப் பழக்கத்தைச் சந்தேகப்படவில்லை, வேலையைச் சந்தேகப்பட்டுவிட்டார்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆர்வம் என்பது பிறவியிலேயே உள்ளே இருப்பது, கண்டெடுத்தால் போதும் என்று நம்பும் மாணவர்கள் ஒருபக்கம். ஆர்வம் வளர்த்தால் வளரும் என்று நினைப்பவர்கள் மறுபக்கம். இருவருக்கும் கருந்துளைகளைப் பற்றி எளிமையான, அழகான ஒரு வீடியோவைக் காட்டினார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போனது. அடுத்து அதே விஷயத்தைப் பற்றிக் கடினமான ஒரு அறிவியல் கட்டுரையைக் கையில் கொடுத்தார்கள். 'பிறவி ஆர்வ'க் கட்சியின் உற்சாகம்தான் கூடுதலாகச் சரிந்தது. நமக்கானது என்றால் இவ்வளவு கஷ்டமாக இருக்குமா என்ற நினைப்பு அவர்களைக் கவிழ்த்துவிடுகிறது.

ஆய்வுக்கூடம் இருக்கட்டும். தேவதானத்திலிருந்து பஸ் பிடித்தால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆண்டாளின் இடது கையில் ஒரு கிளி உண்டு. பார்த்தவர்கள் பலர், அது எப்படி உண்டாகிறது என்று விசாரித்தவர்கள் குறைவு. மரவள்ளி இலையை அடுக்கி உடம்பும் சிறகும், மாதுளம்பூவில் மூக்கு, மூங்கில் குச்சியில் கால், காக்காப்பொன்னில் கண். கட்டுவதற்கு வாழைநார். இலை வாடியிருந்தால் மடிக்கும்போது கீறிக்கொள்ளும். நாரை இறுக்கினால் அறுக்கும், தளர்த்தினால் சிறகு சாயும். ஒரு கிளிக்கு நாலைந்து மணி நேரம் ஆகிறது. அது தாயாரின் கையில் இருப்பது ஒரு நாள்தான். மறுநாள் பிரசாதமாக யாராவது பக்தரிடம் போய்விடும். உடனே அடுத்த கிளி. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடக்கிறது.

'பிடித்ததைச் செய்' என்று பேசுகிற புத்தகங்களின் கணக்குப்படி இது தேறாத வேலை. புதுமை கிடையாது, பதவி உயர்வு கிடையாது, செய்த பொருள் மிஞ்சுவதும் கிடையாது. செய்கிறவருக்கு வேலையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக்கூட வந்திருக்காது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுத்ததில் தொடங்கியிருக்கும். ஆனால் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது ஆகாது என்று ஒதுக்கி வைக்கிற கண் எங்கிருந்து வந்தது? அந்தக் கண் வந்த பிறகு வேலை வேறு ருசி கொடுக்க ஆரம்பிக்கும் என்பது என் துணிபு. தேவதானத்தில் தேங்காய் வெட்டுகிறவர்களிடமும் அதைப் பார்க்கலாம். குலையில் அரிவாளின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. சத்தத்தை வைத்தே எது இளநீர், எது முற்றல் என்று சொல்லிவிடுவார்கள். அது தெரியாத காலத்தில் மரமேறுவது அவர்களுக்கும் வெறும் கூலி வேலையாகத்தான் இருந்திருக்கும்.

சரி, பரம்பரை வேலை இல்லாதவர்கள்? ராஜபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜாவைச் சொல்லலாம். 1933இல் பிறந்து 2008இல் மறைந்தவர். அந்த ஊர் ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், ஆகவே தெலுங்கும் தமிழும் அவருக்கு வாசலிலேயே கிடைத்தன. அதோடு நின்றிருந்தால் இரண்டு மொழி தெரிந்த ஆயிரம் பேரில் அவரும் ஒருவர். அவரோ சம்ஸ்கிருதத்துக்குப் போனார், பாலிக்குப் போனார், பிராகிருதத்துக்குப் போனார். கல்லூரிப் படிப்பு இல்லாமல், பருத்தியும் நூலும் பேசும் ஒரு மில் ஊரில் உட்கார்ந்துகொண்டு! பிராகிருதத்தில் ஹாலன் தொகுத்த காதா சப்தசதியைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நம் அகப்பாடல்களோடு வைத்துப் பார்க்கத் தகுந்த தொகுப்பு அது.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய இன்னொரு காரியம். ஆண்டாள் கதையைக் கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டில் 'ஆமுக்தமால்யத' என்று தெலுங்கில் காவியமாக்கினார். விஜயநகரம் வரை போன ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணின் கதையை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்தவர் தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அதற்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் கிடைத்தது. சமாசங்கள் என்ற கூட்டுச்சொற்கள் நிறைந்த, பண்டிதர்களே திணறும் காவியம் என்று பெயரெடுத்த நூல் அது. 'முட்டுகிற இடம்' பக்கத்துக்குப் பக்கம் வந்திருக்கும். நம் தம்பி நின்றுவிடுகிற அதே இடத்தில்தான் ஜகந்நாத ராஜா அகராதியைத் திறந்திருப்பார்.

பிராகிருதம் தனக்குப் பிடிக்கும் என்று சின்ன வயதில் அவருக்கு எப்படித் தெரிந்திருக்க முடியும்? தெரிந்த ஒன்றின் ஓரத்திலிருந்து அடுத்ததற்குப் போயிருக்கிறார். அதே ஊரின் கொ.மா. கோதண்டமும் அப்படியே. கண்ணுக்கு முன்னால் நின்ற மலைக்கு ஏறிப் போய், அங்கே வாழும் பளியர் பழங்குடிகளின் வாழ்க்கையைக் கேட்டு எழுதியவர். 'குறிஞ்சிச் செல்வர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2012இல் அவருக்கு பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. இருவருக்கும் சரக்கு கிடைத்தது பக்கத்திலேயேதான். ஊரைவிட்டுப் போனால்தான் தன்னைக் கண்டுபிடிக்க முடியும் என்கிறவர்கள் இதை யோசிக்கலாம். போகவே கூடாது என்பதல்ல நான் சொல்வது. பிழைப்புக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு இடத்தில் நிற்க வேண்டும். 'செய்கிற வேலையை நேசி' என்பது முதலாளிகளுக்கு மிகவும் பிடித்த உபதேசம். அமெரிக்காவில் ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி என்ற ஆய்வாளர் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறார். நினைவற்றுக் கிடக்கும் நோயாளிகளின் வார்டில் சுவர்ப் படங்களை அவ்வப்போது இடம் மாற்றி வைத்த ஒரு பணியாளர் அதில் வருகிறார். ஏதோ ஒரு மாற்றம் நோயாளியின் மூளைக்கு எட்டாதா என்ற எண்ணம். அது அவருக்குக் கொடுத்த வேலையில் சேர்த்தியே இல்லை. அருமையான மனம்தான். ஆனால் இந்தக் கதையை நம் ஊரில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியிடம் போய்ச் சொல்லி, உன் வேலையில் அர்த்தம் தேடு என்றால் அவர் முதலில் நிலுவைச் சம்பளத்தைக் கேட்பார். கேட்க வேண்டும். கிளி செய்யும் பரம்பரைக்குக் கோயில் மரியாதை உண்டு. வேறு பல பரம்பரை வேலைகளுக்கு இழிவைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. அவற்றை உதறிவிட்டு ஓடியவர்களிடம் 'கை பழகினால் பிடித்துவிடும்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதே மாவட்டத்தில் ஒரு காலத்தில் தீப்பெட்டி ஒட்டிய சிறுபிள்ளைகளுக்குக் கை நன்றாகவே பழகியிருந்தது.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது கொஞ்சம்தான். கூலி ஒழுங்காக வருகிற, மானம் போகாத ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது காதலாக வேண்டிய கட்டாயமில்லை. விட்டுப்போன மூன்றில் எதை நிறுத்திய இடம் இன்னமும் உறுத்துகிறதோ, அதை மட்டும் திரும்ப எடுங்கள். சற்று யோசித்துவிட்டு, "கோடிங் இல்ல அண்ணாச்சி. போட்டோல ராத்திரி வெளிச்சம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்ல" என்றார். "அப்போ ராத்திரிதான் எடுக்கணும்" என்றேன். மலையோரத்தில் யானை இறங்குகிற நாளாகப் பார்த்துப் போய்விடாதீர்கள் என்றும் சொல்லி வைத்தேன்.

(அடுத்த வாரம்: 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. அடுப்புச் சூட்டில் நின்று கிண்டுகிறவர்களுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா?)