வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள்

வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (28 நவம்பர் 1839 – 5 சூலை 1898) பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த தமிழ்ப் புலவர், சந்தப் பாடலாசிரியர், இலக்கண ஆசிரியர். திருநெல்வேலியில் பிறந்து, ஊர் ஊராகச் சென்று முருகனைப் பாடிய இவர், வாழ்நாளின் இறுதிப் பகுதியில் விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் மடம் அமைத்துத் தங்கினார். அவ்வூரிலேயே சமாதி அடைந்தார். அருணகிரிநாதருக்குப் பின் வண்ணப் பாடல்களை மிகுதியாகப் பாடியவர்களுள் இவர் முதன்மையானவர். காதாலும் பயிற்சியாலும் மட்டுமே கற்கப்பட்டு வந்த வண்ணக் கலைக்கு 'வண்ணத்தியல்பு' என்னும் தனி இலக்கண நூலையும் இயற்றினார்.

பிறப்பும் பெயர்களும்

இவருடைய தந்தை செந்தில்நாயகம் பிள்ளை, தாய் பேச்சிமுத்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் சங்கரலிங்கம். எட்டு வயதிலேயே சுரண்டையில் கோயில் கொண்டுள்ள பூமிகாத்தாள் அம்மன் மீது வெண்பா பாடினார் என்பர்.

இவருக்கு வழங்கிய பெயர்கள் ஒவ்வொன்றும் வாழ்வின் ஒரு பகுதியைக் காட்டுகின்றன. முருகனிடம் கொண்ட பற்றால் 'முருகதாசர்' எனப்பட்டார். துறவுக் கோலம் பூண்டு கையில் தண்டம் ஏந்தியதால் 'தண்டபாணி சுவாமிகள்' ஆனார். சென்ற தலங்களில் எல்லாம் திருப்புகழ் பாடியதால் மக்கள் 'திருப்புகழ் சுவாமிகள்' என்று அழைத்தனர். சரபம் என்பது சிங்கத்தையும் வெல்லும் என்று புராணங்கள் கூறும் விலங்கு. வண்ணம் பாடுவதில் நிகரற்றவர் என்ற பொருளில் 'வண்ணச்சரபம்' என்னும் பட்டம் அமைந்தது.

திருப்புகழ் மரபு

திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் 16,000 திருப்புகழ்ப் பாடல்கள் பாடினார் என்பது மரபு. இன்று கிடைப்பவை ஏறத்தாழ 1,300 மட்டுமே. திண்டிவனத்தை அடுத்த மயிலம் முருகன் கோயில், விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் சிவன் கோயில் ஆகிய இரண்டும் அவரால் பாடப்பெற்ற தலங்கள்.

தண்டபாணி சுவாமிகள் வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில் திருப்புகழ் ஓலைச் சுவடிகளிலும் பாடுவோர் நினைவிலுமே சிதறிக் கிடந்தது. வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடித் திரட்டி, முதல் தொகுதியை 1890களின் நடுவிலும் இரண்டாம் தொகுதியை 1901இலும் அச்சேற்றினார். சுப்பிரமணிய பிள்ளை பாடல்களைக் காத்தார். அதே தலைமுறையைச் சேர்ந்த தண்டபாணி சுவாமிகள் அப்பாடல்களை ஆக்கும் முறையைக் காத்தார்.

வண்ணம் என்பது என்ன?

தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வகை வண்ணங்களைக் கூறுகிறது. அவை செய்யுளின் ஓசை வேறுபாடுகள். பிற்காலத்தில் 'வண்ணம்' என்ற சொல், ஒரே சந்தம் பாட்டு முழுதும் மாறாமல் வரும் இசைப்பாடலைக் குறித்தது. திருப்புகழ் இவ்வகையைச் சேர்ந்தது.

வண்ணத்துக்கு அடிப்படைச் சந்தங்கள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எளிய சொல்லைப் பொருத்திப் பார்க்கலாம்:

தத்த – பட்டு
தாத்த – பாட்டு
தந்த – பந்து
தாந்த – சாந்து
தன – படி
தான – பாடு
தன்ன – கண்ணி
தய்ய – வள்ளி

பள்ளியில் கற்கும் யாப்பிலக்கணப்படி இவற்றுள் 'படி' ஒன்று மட்டும் நிரையசை. மற்ற ஏழும் நேர் நேர், அதாவது தேமா. ஆனால் வண்ணத்துக்கு இவ்வேழும் வெவ்வேறானவை. குறிலா நெடிலா என்பதோடு, இடையில் நிற்கும் மெய் வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்பதும் இங்கே கணக்கில் வரும். 'பந்து' வரவேண்டிய இடத்தில் 'பட்டு' வந்தால் வெண்பாவில் தளை தட்டாது. வண்ணத்தில் அது பிழை.

சந்தங்கள் சில சேர்ந்து அமைவது துள்ளல். துள்ளல் மூன்று முறை வந்தால் ஒரு குழிப்பு. குழிப்பால் அமைவது கலை. கலையின் முடிவில் 'தனதான' போன்ற சிறு பகுதி தொங்கலாக நிற்கும். இரண்டு கலை ஓரடி, நான்கடி ஒரு பாட்டு. எடுத்துக்காட்டாக, 'தந்த தனதன' என்னும் துள்ளலுக்கு 'வந்து வழிதரு' என்ற சொற்கள் பொருந்தும். 'வந்து' என்பதற்குப் பதிலாக 'விட்டு' என்று வைத்தால் சந்தம் கெட்டுவிடும். முதல் கலையில் தொடங்கிய இந்த ஒழுங்கு எட்டாம் கலை வரை ஓரெழுத்தும் பிறழாமல் தொடர வேண்டும். அதனுடன் எதுகை, மோனை, பொருள் ஆகியவையும் சிதையக் கூடாது.

தாளமும் சந்தத்திலிருந்தே பிறக்கிறது. திருப்புகழ்ப் பதிப்புகளில் 'தகிட – 1½, தகதிமி – 2' என்பது போன்ற குறிப்புகளைக் காணலாம். பாட்டின் சந்தத்தைப் பகுத்துக் கூட்டித் தாளத்தின் அளவு அறியப்படுகிறது. வழக்கமான ஆதி, ரூபகம் போன்ற தாளங்களில் அடங்காத பாடல்கள் திருப்புகழில் பல இருப்பதற்கு இதுவே காரணம்.

வண்ணத்தியல்பு

இந்த ஒழுங்கு முழுவதையும் பாடுவோர் பழக்கத்தால் அறிந்திருந்தனர். ஆசிரியர் பாட, மாணவர் கேட்டுப் பழகுவதே வழி. அந்தச் சங்கிலி ஒரு தலைமுறையில் அறுந்தால் பாடல்கள் ஏட்டில் எஞ்சியிருந்தாலும் அவற்றைப் போல் புதிதாக ஆக்கும் திறம் மறைந்துவிடும். வண்ணத்தியல்பு இந்தக் குறையைப் போக்கியது. சந்தங்களின் வகை, அவற்றை இணைக்கும் முறை, துள்ளல், குழிப்பு, கலை, தொங்கல் ஆகியவற்றை நூற்பாக்களில் வகுத்துக் கூறுகிறது. தானே ஆயிரக்கணக்கில் வண்ணம் பாடிய ஒருவர் எழுதிய இலக்கணம் என்பதே இந்நூலின் தனிச்சிறப்பு.

பிற நூல்கள்

அறுவகை இலக்கணம்: எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்துடன் 'புலமை' என்பதை ஆறாவது இலக்கணமாகச் சேர்த்தார். புலவனின் தகுதியும் ஒழுக்கமும்கூட இலக்கணத்துக்கு உரியவை என்பது இவர் கருத்து. பின்னர் 'ஏழாம் இலக்கணம்' என்ற நூலையும் இயற்றினார்.

புலவர் புராணம்: தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை ஏறத்தாழ 3,000 பாடல்களில் கூறுவது. செவிவழிச் செய்திகள் மிகுதி என்பதால் வரலாற்று ஆய்வுக்குப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும். எனினும் அக்காலத்தில் புலவர்களைப் பற்றி வழங்கிய கதைகளின் பெருந்தொகுப்பு இதுவே.

குருபர தத்துவம்: தம் வாழ்வைத் தாமே செய்யுளில் கூறும் நூல். தமிழில் தோன்றிய தொடக்ககாலத் தன்வரலாறுகளுள் ஒன்று.

ஆங்கிலியர் அந்தாதி: ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துப் பாடியது. விடுதலை இயக்கம் வலுப்பெறும் முன்பே துறவி ஒருவர் இவ்வாறு பாடியது குறிப்பிடத்தக்கது.

முருகனடியாராக இருந்தும் சிவன், திருமால், சக்தி முதலிய தெய்வங்களையும் வேறுபாடின்றிப் பாடினார்.

திருவாமாத்தூர்

திருவாமாத்தூர் விழுப்புரத்திலிருந்து சுமார் 7 கி.மீ. தொலைவில் பம்பை ஆற்றங்கரையில் உள்ளது. அபிராமேசுவரர், முத்தாம்பிகை எழுந்தருளியுள்ள இத்தலம் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவராலும் பாடப்பெற்றது. இரட்டைப்புலவர் இவ்வூர் மீது கலம்பகம் பாடியுள்ளனர். வழக்குகளில் சத்தியம் செய்யும் இடமாகிய வட்டப்பாறையும் இங்கு உள்ளது. தேவாரம், கலம்பகம், திருப்புகழ் எனப் பல நூற்றாண்டுப் பாட்டு மரபு படிந்த இவ்வூரில் சுவாமிகள் கௌமார மடத்தை நிறுவினார். கௌமாரம் என்பது முருகனையே முழுமுதற் கடவுளாக வழிபடும் நெறி.

அழிந்தவையும் எஞ்சியவையும்

சுவாமிகள் ஒரு இலட்சம் பாடல்கள் வரை பாடினார் என்றும், முருகன் நேரில் காட்சி தரவில்லையே என்ற ஏக்கத்தில் அவற்றுள் பாதியைத் தாமே நீரிலும் நெருப்பிலும் இட்டார் என்றும் கூறப்படுகிறது. எண்ணிக்கை எவ்வாறாயினும், எஞ்சியவையே ஒரு பெருந்தொகை ஆகும்.

எஞ்சிய சுவடிகள் காக்கப்பட்டதில் சிரவணம்பட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. சுவாமிகளின் மாணவர் இராமானந்த சுவாமிகள் கோயம்புத்தூரை அடுத்த அவ்வூரில் 1890இல் கௌமார மடாலயத்தைத் தொடங்கினார். 'சிரவை ஆதீனம்' என வழங்கும் இம்மடம் சுவாமிகளின் நூல்களைத் தொடர்ந்து பதிப்பித்து வந்துள்ளது. அதன் தலைவர்களுள் ஒருவரான கந்தசாமி சுவாமிகளும் சிறந்த புலவராக விளங்கினார்.

மதிப்பீடு

இன்று முருகன் கோயில் விழாக்களிலும் கச்சேரி மேடைகளிலும் திருப்புகழ் பாடப்படுகிறது. ஆனால் புதிதாக வண்ணம் பாடுவோர் மிகச் சிலரே. கல்லூரிப் பாடத்திட்டங்களிலும் வண்ண இலக்கணம் பெரும்பாலும் பெயரளவில் நின்றுவிடுகிறது. எட்டுச் சந்தங்களை ஒரு வகுப்பு நேரத்தில் கற்பிக்க முடியும். ஒரு கலையை முழுமையாக ஆக்கிப் பார்க்க ஒரு வாரப் பயிற்சி போதும். அதற்கு வேண்டிய நூலை எழுதியவரின் சமாதி விழுப்புரத்திலிருந்து சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ளது. அந்நூல் நூலகத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. மாணவர் நாவில் 'தத்த தாத்த' என்று ஒலித்தால்தான் அவர் செய்த பணி நிறைவு பெறும்.