எட்டு வாய்ப் பெட்டி

ஆப்பிள் 2 கணினியின் மூடியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. பின்விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். உள்ளே, பின்பக்கத்தில் எட்டு நீண்ட வாய்கள் வரிசையாக இருக்கும். புதிய அட்டைகளைச் செருகுவதற்கான இடங்கள் அவை. 1977இல் வெளிவந்த இந்தக் கணினியை உருவாக்கிய இரு நண்பர்கள் வாக்குவாதம் செய்தது இவற்றுக்காகத்தான்.

ஸ்டீவ் வோஸ்னியாக் பொறியாளர். குறைந்த சில்லுகளிடம் நிறைய வேலை வாங்குவதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம். அன்றைய நினைவகச் சில்லுகள் ஓட்டைப் பானை மாதிரி. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். நொடிக்குப் பல நூறு முறை நிரப்பாவிட்டால் தகவல் அழிந்துபோகும். நிரப்புவதற்கென்று தனிச் சுற்று வைப்பதுதான் வழக்கம். திரையில் படம் காட்டும் சுற்று எப்படியும் நினைவகத்தை ஓயாமல் வாசிக்கிறதே, வாசித்தாலே நிரம்பிவிடுமே என்று யோசித்தார் வோஸ்னியாக். வாசிக்கும் வரிசையை அதற்கேற்ப அமைத்தார். கணினியின் 6502 செயலி ஒவ்வொரு துடிப்பிலும் பாதி நேரமே நினைவகத்தைத் தொடும். மீதிப் பாதியைத் திரைக்குக் கொடுத்தார். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கவில்லை. தனிச் சுற்றும் வேண்டியிருக்கவில்லை.

ஸ்டீவ் ஜாப்ஸின் கண் வாங்குபவர்மேல் இருந்தது. முந்தைய ஆப்பிள் 1, 666.66 டாலருக்கு விற்ற வெறும் மின்சுற்றுப் பலகை. பெட்டி, விசைப்பலகை, பவர் சப்ளை எல்லாவற்றையும் வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும். உலகத்தில் ஈயம் பற்றவைக்கத் தெரியாதவர்களே அதிகம் என்பதை ஜாப்ஸ் உணர்ந்தார். அதனால் ஆப்பிள் 2 விசைப்பலகையோடு கூடிய அழகான பிளாஸ்டிக் உடலோடு வந்தது. அதிகம் சூடாகாத பவர் சப்ளையை ராட் ஹோல்ட் என்பவர் வடிவமைத்ததால் விசிறியின் இரைச்சலும் இல்லை.

ஆனால் அட்டை வாய்கள்? பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, இரண்டே போதும் என்றார் ஜாப்ஸ். எட்டு வேண்டும் என்று விடாப்பிடியாக நின்று வென்றார் வோஸ்னியாக்.

1978இல் வோஸ்னியாக்கே வடிவமைத்த ஃபிளாப்பி டிரைவின் அட்டை ஒரு வாயில் ஏறியது. மறு ஆண்டு விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருள் ஃபிளாப்பியில் வந்தது. அதற்காகவே இந்தக் கணினியை வாங்கினார்கள் வணிகர்கள். 1980இல் வேறொரு செயலியையே சுமந்த அட்டையை மைக்ரோசாஃப்ட் விற்றது. ஆப்பிள் 2 வரிசை 1993 வரை விற்பனையில் இருந்தது.

கணினியை வீட்டுக்குள் கொண்டுவந்தது ஜாப்ஸின் பார்வை. ஆனால் அது எண்ணிப் பார்த்தது கண்ணுக்குத் தெரிந்த இரண்டு தேவைகளை. இன்னும் பிறக்காத தேவைகளுக்கும் சேர்த்து இடம் விட்டவர் பொறியாளர்.